இரண்டடி தள்ளி எழுந்த சுவர்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நில அளவையர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னோடு ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் தீர்த்துவைத்த பெரிய தகராறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். என்னிடமும் அப்படி இரண்டு மூன்று உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. திருவண்ணாமலையில் ஒரு சின்னத் தெருவில், இரண்டு வீடுகளுக்கு நடுவே நான் கோடு போட்டுக்கொடுத்த ஒரு மதில்சுவர்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். படித்து முடித்தபின் என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்தால் அது நியாயம்தான்.

அளக்கும் முறையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கும் கருவிகள் எங்கள் காலத்தில் கிடையாது. நான் தவறியது கருவியால் அல்ல, வாயால். அதன்பிறகு, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காததால்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. மூலை மனை ஏழுமலையுடையது. ஆட்டோ ஓட்டுபவர். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிச் சேர்த்த காசில் வீடு கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த மனை வசுபாலனுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர். வந்தவாசிப் பக்கம் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர், இங்கேயே பல வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். அந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியவர் அவர்தான். வசுபாலன் வீட்டுக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல முள் மண்டிய ஒரு காலி மனை. இந்த மூன்று மனைகளையும் வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்த பழைய வேலி இருந்தது. குரங்குத் தொல்லை, பாம்புத் தொல்லை. அதை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்ப இருவரும் முடிவு செய்திருந்தார்கள். என் அனுபவத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அளக்கக் கூப்பிடுவது சண்டை முற்றிய பிறகுதான். இவர்கள் சண்டையே இல்லாமல் கூப்பிட்டார்கள். வசுபாலன் ஒரு முழுத்தாளில் அழகான கையெழுத்தில் எல்லாம் எழுதிவைத்திருந்தார். சுவர் சரியாக எல்லைக்கோட்டின்மேல். அஸ்திவாரம் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கட்டும் செலவு ஆளுக்குப் பாதி. பூச்சும் வெள்ளையடிப்பும் அவரவர் பக்கம் அவரவர். பின்னால் விரிசல் விட்டால் இருவரும் சேர்ந்து பார்ப்பது. கீழே இருவர் கையெழுத்து.

"அண்ணா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார் ஏழுமலை. "கோடு மட்டும் நீங்க போட்டுக் குடுத்துட்டீங்கன்னா மேஸ்திரி நாளைக்கே வந்துருவாரு."

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் செங்கம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் நான் வெளியேறிவிட வேண்டும் என்ற அவசரம். மதியத்துக்குமேல் இன்னொரு இடத்தில் அளவு வேறு இருந்தது. மூலையில் இருக்கவேண்டிய எல்லைக்கல்லைத் தேடினேன். காணவில்லை. கல் இருக்கவேண்டிய இடத்தில் சாலையோரச் சிமெண்ட் கால்வாய் ஓடியது. கால்வாயை மனையின் விளிம்பை ஒட்டித்தான் கட்டியிருப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, அதன் ஓரத்திலிருந்து டேப்பை இழுத்தேன்.

வரைபடத்தில் உள்ள அளவு முடிந்த இடம், பழைய வேலியைத் தாண்டி இரண்டடி உள்ளே, வசுபாலன் பக்கத்தில் விழுந்தது. அதாவது என் கணக்குப்படி, ஏழுமலையின் நிலத்தில் இரண்டடியை வேலி போட்டு வசுபாலன் இத்தனை வருடமாக வைத்திருக்கிறார்.

இந்த மாதிரி நேரத்தில் மறுகோடியிலிருந்தும் அளந்து பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மறுகோடியில் ஆள் உயரத்துக்கு முள். அதை வெட்டி வழி பண்ண ஒரு மணி நேரமாவது ஆகும்.

அளவு பார்க்கத் தெருவே கூடியிருந்தது. ஏழுமலை வேலியையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். வசுபாலன் பதறவில்லை.

"சார், இந்த வேலி அந்தக் கால்வாய் போடறதுக்கு முன்னாடியே போட்டது. அந்தக் கால்வாய் போடறப்போ..." என்று தொடங்கினார்.

நான் அவரை முடிக்க விடவில்லை.

"பெரியவரே, முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்."

"இல்லன்னு சொல்லல சார். இன்னொரு வாட்டி அந்தப் பக்கத்துல இருந்தும் பாத்துட்டீங்கன்னா..."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் வேலையை ஒருவர் சந்தேகப்படுகிறார் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"வேலி என்ன, தானா நடந்து வந்துச்சா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வசுபாலன் சிரித்தவர்களைப் பார்த்தார். நான் சுண்ணாம்பில் கோடு போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாலையை மறிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். நேரத்துக்குப் போய்விட்டோம் என்று சந்தோஷப்பட்டது கூட நினைவிருக்கிறது.

அதன்பின் அங்கே நடந்ததெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தவை. என் வார்த்தையைத் தெரு பிடித்துக்கொண்டது. வசுபாலன் பால் வாங்கப் போனால், "இன்னா, வேலி எதுவரைக்கும் நடந்திருக்குது?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறார்கள். ஏழுமலைக்கும் யாரோ ஓதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் உன் இடத்தை அனுபவிச்ச ஆளுக்கு நீ எதுக்கு பாதிச் செலவு குடுக்கணும் என்று. அவர் போய்க் கேட்டார். தாளில் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தும் வசுபாலன் அதைக் காட்டவில்லை. "முழுச் செலவும் நானே பாத்துக்குறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் என்று பிறகு நான் கேட்டபோது, "பேச ஆரம்பிச்சா கெஞ்சற மாதிரி ஆயிடும் சார்" என்றார்.

சுவர் என் கோட்டின்மேல் எழுந்தது. அந்த இரண்டடிக்குள் அவருடைய மனைவி பூஜைக்குப் பூ பறிக்கும் நந்தியாவட்டைச் செடிகள் வரிசையாக இருந்தன. அவை போயின. அதுவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏழுமலை, போஸ்ட்மேன் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பத்து மாதம் கழித்து, முள் மண்டிய அந்தக் காலி மனையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, வீடு கட்ட அளவு கேட்டு மனு கொடுத்தார். போனேன். பொக்லைன் வைத்து முள்ளைச் சுத்தமாக எடுத்திருந்தார்கள். எல்லைக்கற்கள் நான்கும் பழுதில்லாமல் தலைகாட்டிக்கொண்டிருந்தன. மனையை அளந்து முடித்தேன். சரியாக இருந்தது. கை சும்மா இருக்காமல், வசுபாலன் பக்கத்துக் கல்லிலிருந்து அவர் மனைக்குள் டேப்பை நீட்டினேன்.

புதிய சுவர் வரை இரண்டடி கம்மி.

மூலைக்கு நடந்து போனேன். கால்வாய் தெரு நெடுக நேராக வந்து, ஏழுமலை வீட்டுப் பக்கவாட்டில் மட்டும் உள்ளே வளைந்திருந்தது. அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. அதைத் தவிர்ப்பதற்காக, அப்போது காலியாகக் கிடந்த மூலை மனைக்குள் இரண்டடி புகுந்து கட்டியிருக்கிறார்கள். கல் அதற்கடியில் போய்விட்டது. ஏழுமலை மனையை வாங்கியது அதற்குப் பிறகு. கண் இருக்கிற எவருக்கும் தெரியும் வளைவு அது. அன்றைக்கு நான் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

வசுபாலன் தன் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டேன்.

தவறாக அளந்தது ஒரு தப்பு. அது யாருக்கும் நடக்கலாம், உங்களுக்கும் நடக்கும். ஆனால் தெரிந்தபிறகு வண்டி ஏறியது தப்பு என்ற வார்த்தைக்குள் அடங்காது. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. விசாரணை வரும், பணப்பலன்களை நிறுத்திவைப்பார்கள், மூத்தவனின் கல்யாணம் இருக்கிறது. இப்படி நாளுக்கொரு காரணம் கிடைத்தது. சுவர்தான் கட்டியாகிவிட்டதே, ஆறிப்போன புண்ணைக் கிளறுவானேன் என்று கூட நினைத்தேன். புண் யாருடையது என்பதை நினைக்கவில்லை. அந்த எட்டு மாதமும் அந்தத் தெருப் பக்கம் வேலை வந்தால் வேறொருவரை அனுப்பினேன்.

பணி நிறைவு விழாவில் மாலை போட்டார்கள். பேசிய அதிகாரி, "இவர் அளவைக் குறித்து இத்தனை வருடத்தில் ஒரு புகார் கூட வந்ததில்லை" என்றார். கை தட்டினார்கள். அவர் சொன்னது உண்மை. புகார் கொடுத்திருக்க வேண்டியவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பெருமையாக என்னைப் பார்த்தாள். எனக்கு மாலை கழுத்தில் உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொன்னேன். "சொல்லியாகணுமில்ல?" என்றாள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி, அதன் நகலோடு வசுபாலன் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "உங்களைத் தேடித்தான் வந்துருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். எங்கே தவறினேன், எப்போது தெரிந்தது, எட்டு மாதம் ஏன் சொல்லவில்லை, எல்லாம். வசுபாலன் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"அன்னிக்கு நீங்க கால்வாயைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்க" என்றேன்.

"இதைத்தான் சார் சொல்ல வந்தேன். அந்தக் கால்வாய் போடறப்போ கல்லைப் பொதைக்கிறதை நான் சைக்கிள்ல போறப்போ பாத்தேன்."

ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்கு முழுதாகச் சொல்லவிட்டிருந்தால் பத்து விநாடி ஆகியிருக்காது.

அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இது ஆபீசுக்கு சரி. தெருவுக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்க என்னை இன்னா சொன்னீங்களோ அதைத் தெரு நடுவுல சொன்னீங்க. அது ஒவ்வொரு வீட்டுலயும் போய் உக்காந்துனு இருக்குது. இப்ப என் வாசல்ல வந்து தப்புன்னு சொல்றீங்க. எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமே?" குரல் உயரவில்லை. "அத்தனை வருஷம் வீடு வீடா போனவன் சார் நான். தெருமுனையில லெட்டரை வெச்சிட்டு வந்தா குடுத்ததா ஆயிடுமா? யாருக்கு லெட்டரோ அவங்க கையில குடுக்கணும்."

"போறேன்" என்றேன். "நீங்களும் கூட..."

"நான் வரமாட்டேன்."

முதலில் ஏழுமலை வீடு. சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப என் ரெண்டடி எங்க சார்?" என்பதுதான். கால்வாய்க்கு அடியில் என்றேன். கோபத்தில் அவருக்கு வார்த்தை குழறியது. "அவரு மேல பழியைப் போட்டீங்க. இப்ப எனக்கு இடமும் இல்லன்றீங்க. உங்களை நம்பித்தானே சார் எல்லாம் செஞ்சேன்?" சட்டென்று அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பூச்செடிங்களை நான்தான் சார் வேரோட புடுங்கிப் போட்டேன். அந்தம்மா ஜன்னல்ல இருந்து பாத்துக்கினு இருந்தாங்க."

பிறகு மற்ற வீடுகள். ஒரு வாசலிலும் கால் எளிதாக ஏறவில்லை. ஒரு வீட்டில் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்கள். ஒருவர், "அதெல்லாம் நாங்க அப்பவே மறந்துட்டோம், வுடுங்க சார்" என்றார். இன்னொருவர், "அவரு அப்டி செய்யற ஆளில்லன்னு நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அன்றைக்கு அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், சிரித்தவர்களில் ஒருவர். நான் மறுத்துப் பேசவில்லை. அவரைச் சிரிக்கவைத்தது நான்.

திரும்பி வந்து சொன்னபோது வசுபாலன் எந்தெந்த வீடு என்று கேட்டுக்கொண்டார். "மஞ்சள் பெயிண்ட் வீடு?" என்றார். அதில் இப்போது வேறு குடித்தனம், முன்பு இருந்த செல்வி குடும்பம் காலிசெய்துகொண்டு கீழ்பென்னாத்தூர் போய்விட்டதாகச் சொன்னார்கள் என்றேன். "போயிட்டாங்க, ஆமா" என்றார்.

அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். பிடித்தம் செய்யவேண்டியதைச் செய்தார்கள். மறுஅளவுக்கு வந்தது உங்களில் ஒருவர். இதைப் படிக்கும்போது அவருக்குத் தெரியும். அந்தப் பெண் பையிலிருந்து எதையும் எடுப்பதற்கு முன், "நீங்க என்னென்ன பாத்தீங்களோ சொல்லுங்கய்யா" என்று வசுபாலனிடம் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதன்பிறகு இரண்டு கோடியிலிருந்தும் அளந்தார். பழைய வேலி இருந்த இடத்திலேயே கோடு விழுந்தது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் என்று அன்று சொன்னேனே, அந்த முப்பது வருடத்தில் ஒருவரைக்கூட நான் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

சுவரை இடித்துச் சரியான கோட்டில் கட்ட வேண்டும். மொத்தச் செலவும் என்னுடையது என்றேன். ஏழுமலை, இல்லை, தன்னுடையது என்றார். வசுபாலன்தான் முடிவு சொன்னார்: "ஒரு வாட்டி நான் கட்டிட்டேன். இந்த வாட்டி நீங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக் கட்டுங்க. இனிமே விரிசல் விட்டா பழைய தாள்ல இருக்கிற மாதிரி, நானும் ஏழுமலையும்." அப்படியே கட்டினோம். கால்வாய் தின்ற இரண்டடிக்காக ஏழுமலை மனு போட்டு அலைந்துகொண்டிருக்கிறார். மனு எழுதித் தருவது நான்தான். வசுபாலனை அவர் பழையபடி அண்ணா என்று கூப்பிடுகிறார். வசுபாலன் முன்பெல்லாம் "சொல்லுப்பா" என்பாராம். இப்போது "சொல்லுங்க" என்கிறார். அது மாறவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் செலவைப் பிரித்துக்கொள்வார்கள், பொறுப்பைப் பிரித்துக்கொள்வார்கள், தாளில் எழுதியும் வைப்பார்கள். அதெல்லாம் நிற்பது நீங்கள் போடும் கோட்டின்மேல். கோட்டை மட்டும் போடுங்கள். யார் நல்லவர், யார் திருடினார் என்று சொல்ல நம்மை யாரும் கூப்பிடவில்லை. எதிரில் நிற்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிக்க விடுங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள். ஓய்வுபெற்றபிறகு போய்ச் சொல்பவனை வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள்.

சுவர் முடிந்தபிறகும் அந்த மஞ்சள் வீடு எனக்குள் கிடந்தது. ஒரு நாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். செல்வி முற்றத்தில் மணிலாக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். அளந்த அன்று எதிர்வாசலில் நின்று பார்த்தவர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பல தடவை சொல்லிப் பழகிவிட்டதால் சீக்கிரமே சொல்லி முடித்தேன்.

அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"ஊருக்குப் போறப்போல்லாம் அவங்க வீட்லதான் சார் சாவி குடுத்துட்டுப் போவோம். பீரோ சாவி முதற்கொண்டு. நீங்க அளந்துட்டுப் போனதுக்கப்புறம் குடுக்கறதை நிறுத்திட்டோம்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வீடு காலி பண்ணி வண்டி ஏத்தறப்போ அவரு வாசல்ல வந்து நின்னாரு. சொல்லிட்டுப் போவாங்கன்னு நின்னுருப்பாரு. நாங்க பாக்காத மாதிரி வண்டி ஏறிட்டோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு எங்களுக்கு ஒண்ணுமே பண்ணல சார். எங்களையும் இல்ல பாவத்துல சேத்துட்டீங்க?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. வசுபாலனுடைய போன் நம்பரைக் கேட்டார். சொன்னேன். எண்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் அங்கே நிற்க வேண்டாம் என்பதுபோல வீட்டுக்குள் திரும்பி நடந்தார்.